டீமன் ஸ்லேயர் கூட்டம் வந்து அனிமே கெட்டதா?

2 நவம்பர் 2025 – கேள்வி

ஜப்பானிய அனிமேஷனான அனிமே ஒரு காலத்தில் தேடிப் பிடித்துப் பார்த்த சங்கதி. இப்போது தியேட்டரில் விசிலடித்துப் பார்க்கிறார்கள். டீமன் ஸ்லேயர் தொடருக்குப் பின்னால் வந்த கூட்டத்துக்குச் சண்டை பளபளவென்று இருந்தால் போதும், கதை வேண்டாம். ஸ்டூடியோக்களும் அதற்கேற்றாற்போல் மாறிவிட்டன. ஒன் பஞ்ச் மேன் மூன்றாவது சீசனைப் பாருங்கள், படம் நகரவே மாட்டேன் என்கிறது. கூட்டம் வந்தால் தரம் போகும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

2 நவம்பர், இரவு

இந்தச் சாட்சி செல்லாது.

ஒன் பஞ்ச் மேன் முதல் சீசன் 2015இல் மேட்ஹவுஸ் ஸ்டூடியோவில் வந்தது. அது அப்படி வந்ததற்கு ஸ்டூடியோ பெயர் காரணமில்லை. இயக்குநர் நட்சுமே ஷிங்கோ தனக்குப் பழக்கமான ஃப்ரீலான்ஸ் அனிமேட்டர்களைத் திரட்டினார், அவர்கள் வந்தார்கள், வரைந்தார்கள், போனார்கள். 2019இல் இரண்டாவது சீசன் ஜே.சி. ஸ்டாஃபுக்குப் போனபோது கூடப் போனது தலைப்பு மட்டும். ஆட்கள் போகவில்லை. மேட்ஹவுஸிலேயே இருந்திருந்தாலும் அதே ஆட்கள் திரும்ப வருவார்கள் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ‘ஸ்டூடியோ மாறியதுதான் காரணம்’ என்று அன்றிலிருந்து எழுதுபவர்கள் இதை மட்டும் கவனிப்பதே இல்லை.

அடுத்தது, படம் குலைந்துபோவது புது நோயா? 1998இல் லாஸ்ட் யூனிவர்ஸ் நான்காவது எபிசோடு. ஜப்பானிய ரசிகர்கள் இன்றும் அதைத்தான் அளவுகோலாக வைத்துத் திட்டுகிறார்கள். 1999இல் கன்ட்ரெஸ் என்ற படம் முடியாமலே தியேட்டருக்குப் போய், பார்த்தவர்களுக்கு முடிந்த படத்தின் வீடியோவைப் பிற்பாடு தபாலில் அனுப்பினார்கள். 2009இல் பாக்கெமோனோகடாரி, வரைந்து முடியாத இடங்களில் எழுத்து அட்டையைக் காட்டியது. கடைசி மூன்று எபிசோடுகள் டிவியில் வரவேயில்லை, 2010 ஜூன் வரை இழுத்து இணையத்தில் விட்டார்கள். இன்றைய கூட்டத்தோடு ஒப்பிட்டால் இந்த மூன்றையும் பார்த்தது சின்னக் கூட்டம்தான்.

3 நவம்பர்

‘அப்போது பணமில்லை, இப்போதுதான் பணம் கொட்டுகிறதே’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொட்டுகிறது, எங்கே என்பதுதான் விஷயம்.

ஜப்பான் அனிமேஷன் சங்கத்தின் கணக்குப்படி 2023இல் மொத்தச் சந்தை சுமார் 3 லட்சத்து 34 ஆயிரம் கோடி யென். இதில் 1 லட்சத்து 72 ஆயிரம் கோடி வெளிநாட்டிலிருந்து, அதாவது பாதிக்கு மேல். படத்தைத் தயாரிக்கும் ஸ்டூடியோக்களின் கைக்கு வந்தது 42 ஆயிரம் கோடி சொச்சம். எட்டில் ஒரு பங்கு.

மிச்சத்தில் ஒரு பங்கு தயாரிப்புக் கமிட்டிக்குப் போகிறது. பதிப்பகம், இசை நிறுவனம், டிவி, விளம்பர நிறுவனம், பொம்மைக் கம்பெனி எல்லாரும் பங்கு போட்டு ஒரு தொடரை எடுப்பார்கள். 1995 எவாஞ்சலியனுக்குப் பின் இதுவே வழக்கமாகிவிட்டது. ஸ்டூடியோவுக்குக் கிடைப்பது கூலி. கமிட்டியில் பங்கு போடாத ஸ்டூடியோவுக்குப் படம் எவ்வளவு ஓடினாலும் பொதுவாகக் கூடுதலாக ஒரு பைசா வராது. கமிட்டியை வில்லனாக்கவும் முடியாது. பத்துத் தொடர் எடுத்தால் ஒன்றோ இரண்டோதான் தேறும், தோற்றதன் நஷ்டத்தைச் சுமப்பவர்கள் அவர்கள்தான்.

வரைபவர் பக்கம் வருவோம். இன்பிட்வீன், அதாவது இரண்டு முக்கியப் படங்களுக்கு நடுவில் வரும் படங்களை வரைபவருக்கு ஒரு படத்துக்கு 200 முதல் 250 யென். மாதம் 500 படம் வரைந்தால் ஒரு லட்சம், ஒன்றேகால் லட்சம் யென். டோக்கியோவில் வாடகை கொடுத்துவிட்டு நூடுல்ஸ் தின்னலாம். 2013 வருமானத்தை வைத்து அனிமேட்டர் சங்கம் 2015இல் வெளியிட்ட அறிக்கையில் இவர்களின் ஆண்டுச் சராசரி சுமார் 11 லட்சம் யென் என்று வந்தது, மேலே போட்ட பெருக்கலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அந்த முக்கியப் படங்களை வரையும் கீ அனிமேட்டருக்கு டிவி தொடரில் ஒரு கட்டுக்கு, அதாவது ஒரு ஷாட்டுக்கு, 4,000 – 5,000 யென். இரண்டு பேர் நின்று பேசும் கட்டுக்கும், இருபது பேர் குதிரையில் வரும் கட்டுக்கும் அடிப்படை ரேட் ஒன்றே. கஷ்டமான கட்டுக்குத் தனியாகப் பேரம் பேசத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்வார்.

3 நவம்பர், சிறிது நேரம் கழித்து

பணம் வரைபவருக்கு வரவேயில்லை என்று மேலே எழுதியதைப் படித்தால் தோன்றும். அது முழு உண்மை இல்லை. பேர் வாங்கிய அனிமேட்டரை ‘கோசோகு’ என்ற மாதக் கட்டுப்பாட்டுத் தொகை கொடுத்து ஸ்டூடியோக்கள் பிடித்து வைக்கின்றன. அனிமே பெரிதாகப் பெரிதாக இந்தத் தொகைக்கான போட்டியும் ஏறியிருக்கிறது. மேல்தட்டில் ஏறியது, அடித்தட்டில் 200 யென் அப்படியே நிற்கிறது. கூட்டம் கொண்டுவந்த மாற்றம் என்று ஒன்றைச் சொன்னால் இந்த இடைவெளியைச் சொல்வேன்.

5 நவம்பர்

‘ஒரு தொடர் தடுமாறுகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியுண்டா?’ உண்டு. எண்டிங் கிரெடிட்டை, அதாவது கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை, நிறுத்தி நிறுத்திப் படிக்க வேண்டும். ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்தப் பதவிக்கு நேரே எத்தனை பெயர் என்று எண்ணினால் போதும்.

அதற்கு முன் வேலை நடக்கும் வரிசை தெரிய வேண்டும். ஒரு டிவி எபிசோடில் விளம்பரம் போக 21, 22 நிமிடம், சுமார் 300 கட். முதலில் ஸ்டோரிபோர்டு, அதாவது கட் கட்டாக வரைந்த திட்டம். பிறகு கீ அனிமேட்டர் லேஅவுட் (காட்சியின் அமைப்பு) போட்டு அசைவைக் கரடுமுரடாக வரைவார். எபிசோடு இயக்குநர் பார்ப்பார். அதன் மேல் அனிமேஷன் டைரக்டர், ஜப்பானில் சுருக்கமாகச் ‘சக்கன்’, முகங்களையும் உடல் அளவையும் திருத்துவார். பிறகு சுத்தமான கீ படம், இன்பிட்வீன், வண்ணம், பின்னணியோடு சேர்த்துக் காம்போசிட்டிங், எடிட்டிங், குரல். பாதியில் ஒரு வாரம் தவறினால் அந்த வாரம் கடைசியில் இருப்பவர் தலையில் விழும். காம்போசிட்டிங் ஆட்கள் ஒளிபரப்புக்கு முந்தைய இரவு தூங்காததற்குக் காரணம் ஆறு மாதம் முன்னால் தாமதமான ஸ்டோரிபோர்டாக இருக்கும்.

பார்க்க வேண்டியவை:

முதலில் சக்கன் எத்தனை பேர். ஒருவர், இருவர் என்றால் நிம்மதி. எட்டு, பத்துப் பேர் என்றால் கட்டுகளைப் பங்கு போட்டு ஓடியிருக்கிறார்கள். இதில் ஒரு விலக்கு உண்டு. ஆக்‌ஷன் சக்கன், மெக்கா சக்கன், எஃபெக்ட் சக்கன் என்று தனித்தனியாகப் போட்டிருந்தால் அது நிபுணர்களைப் பிரித்து வைத்தது, தடுமாற்றம் இல்லை. அவர்களைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும்.

அடுத்து ‘இரண்டாம் கீ’ பட்டியல். முன்பு ஒரே ஆள் லேஅவுட்டிலிருந்து சுத்தமான கீ வரை கொண்டுபோவார். இப்போது முதல் கீ ஒருவர், அதைச் சுத்தம் செய்யும் இரண்டாம் கீ இன்னொருவர். நேரமில்லாததால் வந்த பழக்கம், பிறகு அதுவே முறையாகிவிட்டது. இரண்டாம் கீயில் ஆட்களின் பெயருக்குப் பதில் கம்பெனிப் பெயர்கள் வரிசையாக வந்தால் கடைசி நேரத்தில் மொத்தமாக வெளியே தள்ளியிருக்கிறார்கள் என்று பொருள்.

இந்தப் பிரிப்பில் சேதம் எங்கே என்றால், முதல் கீ வரைந்த புது ஆளிடம் சக்கன் திருத்திய தாள் திரும்பி வருவதில்லை. அது நேராக இரண்டாம் கீக்குப் போய்விடுகிறது. தன் படத்தில் என்ன தப்பு என்று தெரியாமலே அவர் அடுத்த கட்டுக்குப் போகிறார். ஐந்து வருடம் கழித்து அவரே சக்கன் ஆகும்போது திருத்தத் தெரியாது. ஆள் பஞ்சம் என்று சொல்வதில் பாதி இதுதான்.

மூன்றாவது, ஆறாவது ஏழாவது எபிசோடிலேயே பழைய காட்சிகளைத் தொகுத்து ஒரு ‘ரீகேப்’ வந்தால் உள்ளே நெருப்பு. பன்னிரண்டு எபிசோடு தொடருக்கு ரீகேப் எழுத எந்தக் கதாசிரியரும் ஆசைப்பட மாட்டார்.

இன்பிட்வீன் வெளிநாட்டில் போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொரியா, சீனா, வியட்நாம், டோயெய் ஸ்டூடியோவுக்குப் பிலிப்பைன்ஸ் என்று பல பத்தாண்டுகளாக நடப்பது.

கீ அனிமேட்டர் நாற்பது ஐம்பது பேர் இருப்பதும் தானாக அபாயம் ஆகாது. ஆசைப்பட்டுத் திரண்டு வந்த எபிசோடிலும் அத்தனை பேர் இருப்பார்கள். அப்போது சக்கன் குறைவாகவும் இரண்டாம் கீ பட்டியல் குட்டையாகவும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

5 நவம்பர், இன்னொன்று

‘படம் நகரவில்லை’ என்பதையே குறையாகச் சொல்லாதீர்கள். நொடிக்கு 24 ஃபிரேம், மூன்று ஃபிரேமுக்கு ஒரு படம் என்றால் நொடிக்கு 8. 21 நிமிடத்துக்குப் பெருக்கினால் பத்தாயிரம் வரும். வழக்கமான எபிசோடில் இருப்பது 3,000 முதல் 5,000 வரைதான். மிச்சமெல்லாம் நிறுத்திப் பிடித்த படம், வாய் மட்டும் அசைவது, கேமரா நகர்வது. 1963 ஜனவரி 1இல் ஆஸ்ட்ரோ பாய் டிவியில் வந்த நாளிலிருந்து இந்தக் கலை இப்படித்தான் வளர்ந்தது. நிறுத்துவதற்கு என்று யோசித்து நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியாது. நகர வேண்டிய கட்டு நிற்கும்போதுதான் உறுத்தும். நிழல் விட்டுப்போன உடல், தூரக் காட்சியில் மாறிப்போன முகம், எல்லாவற்றையும் மறைக்க மேலே போட்ட புகை ஃபில்டர். இவற்றைத் தேடுங்கள்.

6 நவம்பர்

யாரோ மாப்பா ஸ்டூடியோவை இழுத்துவிட்டார்கள். இழுக்கத்தான் வேண்டும்.

கமிட்டிதான் சிக்கல் என்றால் கமிட்டியில்லாமல் எடுத்தால் சரியாகிவிடுமா? செயின்சா மேன், 2022 அக்டோபர். மாப்பாவே நூறு சதவீதம் முதலீடு போட்டது. பன்னிரண்டு எபிசோடுக்குப் பன்னிரண்டு எண்டிங் பாட்டு. வேலை சுத்தம். ஆனால் ஜப்பானில் ப்ளூ-ரே முதல் தொகுதி முதல் வாரத்தில் 1,735 பிரதிதான் விற்றது. மூலக் காமிக்ஸான மங்காவின் வெறித்தனம் இல்லை, சினிமா மாதிரி அடக்கி எடுத்துவிட்டார் என்று இயக்குநர் மேல் பாய்ந்தார்கள், மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போட்டார்கள். 2025 செப்டம்பரில் வந்த படத்துக்கு இயக்குநர் வேறொருவர், படம் பெரிய வெற்றி.

1,735 என்ற எண்ணை வைத்து அடித்தவர்கள் எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்று பாருங்கள். 2007இல் மனாபி ஸ்ட்ரெய்ட் என்ற தொடர் சராசரியாக 2,899 டிஸ்க் விற்றது, அதற்குக் கீழே போனால் தோல்வி என்று ஜப்பானிய அரட்டைப் பலகைகள் ஒரு கோடு போட்டன. இரண்டு எபிசோடு உள்ள டிஸ்க்கை ஆறேழாயிரம் யென் கொடுத்து வாங்கும் சில ஆயிரம் பேர்தான் பின்னிரவு அனிமேயைத் தூக்கி நிறுத்திய காலம் அது. அந்தச் சில ஆயிரம் பேருக்காகவே தொடர்கள் திட்டமிடப்பட்டன. ஸ்ட்ரீமிங் வந்தபின் அவர்கள் பணம் முக்கியமில்லாமல் போய்விட்டது. பழைய ரசிகரின் கோபத்துக்கு உண்மையான வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். புது ஆட்கள் வந்தது அவருக்கு உறுத்தவில்லை, தன் பர்ஸுக்கு இருந்த அதிகாரம் போனதுதான் உறுத்துகிறது. நியாயமான கோபம். அதைப் புது ஆள் மேல் காட்டுவதுதான் நியாயமில்லை.

6 நவம்பர், தொடர்ச்சி

மாப்பாவில் விட்டது. ஜுஜுட்சு கைசென் இரண்டாம் சீசன், 2023 ஜூலை முதல் டிசம்பர் வரை. வேலை செய்தவர்களே எக்ஸில் வெளிப்படையாகப் புலம்பினார்கள். ஒளிபரப்பில் முடியாத கட்டுகளை ப்ளூ-ரேயில் திருத்தினார்கள். பார்த்தவர் எத்தனை கோடி என்பது அங்கே ஒரு பொருட்டாகவே இல்லை. ஒளிபரப்புத் தேதி, ஸ்ட்ரீமிங் ஒப்பந்தம், பொம்மை வெளியீடு, மங்காவின் புதுத் தொகுதி, விளம்பரக் கூட்டு என்று எல்லாம் ஒரே தேதியில் கோக்கப்பட்டிருந்தன. தொடர் சின்னதாக இருந்தால் ஒரு வாரம் தள்ளினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பெரிதானால் தள்ள ஏழு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கூட்டம் படத்தைக் கெடுப்பதில்லை, தேதியை இறுக்குகிறது. இறுகிய தேதி படத்தைக் கெடுக்கிறது. இதற்கு மேல் எனக்கு வேறு வாதமில்லை, கீழே வருவதெல்லாம் இதன் கிளைகள்.

9 நவம்பர்

டீமன் ஸ்லேயர் இத்தனை பெரிதானது எப்படி என்பதையும் பேசிவிடலாம். அதிர்ஷ்டம் என்று ஒதுக்குபவர்கள் விவரம் பார்ப்பதில்லை.

டிவி தொடர் 2019 ஏப்ரல். கமிட்டியில் மூன்றே பேர்: தயாரிப்பு நிறுவனம் அனிபிளெக்ஸ், மங்காவின் பதிப்பகம் ஷூயேஷா, ஸ்டூடியோ யூஃபோடேபிள். படம் வரைந்தவரே பங்காளி. யூஃபோடேபிள் வண்ணம், பின்னணி, காம்போசிட்டிங் எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஜப்பானில் தொடரை ஒரு தளத்துக்கு மட்டும் விற்காமல் பல தளங்களில் ஒரே நேரத்தில் விட்டார்கள். 2020 ஊரடங்கில் வீட்டில் இருந்தவர்கள் எந்தச் செயலியைத் திறந்தாலும் அதுவே நின்றது. மே மாதம் மங்கா முடிந்தது. அக்டோபர் 16இல் தொடரின் அடுத்த கதையாக முகென் ட்ரெய்ன் படம். ஹாலிவுட் படங்கள் தள்ளிப்போய்த் திரைகள் காலி, டோஹோ ஷின்ஜுகு தியேட்டரில் முதல் நாள் 42 காட்சி. மூன்று நாளில் 34 லட்சம் பேர். கடைசியில் 4,000 கோடி யென்னைத் தாண்டி, 2001 முதல் முதலிடத்தில் இருந்த ஸ்பிரிட்டட் அவேயைக் கீழே இறக்கியது.

26 எபிசோடு பார்க்காமல் போனால் தலைகால் புரியாத நடுக்கதை அது. ‘கதை வேண்டாம் என்ற கூட்டம்’ எப்படி அதைப் பார்த்தது என்று கேள்வி கேட்டவர் சொல்லட்டும்.

இன்னொரு விவரம். முதலில் வருபவர்களுக்கு என்று 45 லட்சம் பிரதி ஒரு சிறு மங்காப் புத்தகம் அச்சடித்துக் கொடுத்தார்கள். பரிசு மாற மாற மறுபடி போகும் ரசிகர்கள் ஜப்பானில் ஏராளம். ஆகவே அந்த வசூலில் புதுக் கூட்டமும் இருக்கிறது, நாலு தடவை போன பழைய பைத்தியமும் இருக்கிறது.

10 நவம்பர்

ஒரே வரி: யூஃபோடேபிள் மாதிரி எல்லாரும் செய்யலாமே என்றால், அவர்கள் வருடத்துக்கு எத்தனை தலைப்பு எடுக்கிறார்கள், மற்ற பெரிய ஸ்டூடியோக்கள் எத்தனை எடுக்கின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

14 நவம்பர்

ரசிகர் பக்கம். இங்கே இழப்பு நிஜம், மழுப்ப மாட்டேன்.

ரசிகர்கள் தாங்களே சப்டைட்டில் போட்ட காலத்தில் வேலை இப்படி ஓடும். ஜப்பானில் ஒருவர் டிவி ஒளிபரப்பைப் பதிவு செய்து ஏற்றுவார். மொழிபெயர்ப்பாளர் வசனம் தருவார். டைமர் ஒவ்வொரு வரியையும் வாயோடும் கட் மாறும் இடத்தோடும் ஒட்டுவார். கட் மாறிய பின்னும் வரி அரை நொடி தொங்கினால் கண் மறுபடி முதலிலிருந்து படிக்கும், அதனால் கட்டோடு சேர்த்து வெட்டுவது டைமரின் அரிச்சுவடி. டைப்செட்டர் ஏஜிசப் என்ற மென்பொருளில் கடைப் பலகை, கடிதம், வகுப்பறைக் கரும்பலகை எல்லாவற்றுக்கும் அதே சாய்வு, அதே நிறம், அதே மங்கலில் எழுத்தைப் பொருத்துவார். பிறகு வீடியோக் கோப்பாக்கும் என்கோடர், கடைசியில் சரிபார்ப்பவர். 2011இல் 10-பிட் வீடியோவுக்கு மாறியபோது, டிவிடி பிளேயரிலும் பழைய லேப்டாப்பிலும் ஓடவில்லை என்று வந்த வசவு கொஞ்சநஞ்சமில்லை. வண்ணப் பட்டை விழாமல் கோப்பு சிறிதாகும் என்பதற்காக மாறினார்கள், மாறிய காரணம் சரி.

2006இல் கிரஞ்சிரோல் என்ற அனிமே ஸ்ட்ரீமிங் தளம் தொடங்கியபோது ரசிகர்கள் உரிமையில்லாமல் ஏற்றிய வீடியோக்கள்தான் அதில் கிடந்தன. 2009 ஜனவரியில் டிவி டோக்கியோவோடு ஒப்பந்தம் போட்டு நருட்டோவைச் சட்டப்படி விட்டது. 2021இல் சோனி வாங்கி முடித்தது. 2024 ஏப்ரல் 2இல் சோனியின் இன்னொரு அனிமே தளமான ஃபனிமேஷன் மூடப்பட்டபோது டிஸ்க்கோடு கிடைத்த டிஜிட்டல் பிரதிகளும் போயின. அதே ஆண்டு ஜூலையில் கிரஞ்சிரோல் கருத்துப் பெட்டியை மூடி, பழைய கருத்துகள் அத்தனையையும் எடுத்துவிட்டது. ஒவ்வொரு எபிசோடுக்கும் கீழே ‘இந்தக் காட்சி மங்காவில் எந்த அத்தியாயம்’ என்று பொறுமையாக எழுதி வைத்தவர்களின் வேலை ஒரே நாளில் காணாமல் போனது.

சப்டைட்டில் தரமும் இறங்கியது. ஏன் என்றால், பலகை எழுத்தைச் சாய்த்து நிறமூட்டிக் காட்டும் கோப்பு வகை எல்லா டிவிப் பெட்டியிலும் ஓடாது. எல்லாக் கருவிக்கும், எல்லா வாடிக்கையாளர் தளத்துக்கும் ஒரே கோப்பு போக வேண்டும் என்றால் எளிய இரண்டு வரிதான் மிஞ்சும். வசனமும் பலகையும் ஒரே சமயத்தில் வந்தால் பலகை வெட்டு. 2025 ஜூலையில் ஒரு தொடரின் ஜெர்மன் சப்டைட்டிலில் ‘சாட்ஜிபிடி கூறியது’ என்ற வரியே ஒளிபரப்பானது. வெளி ஒப்பந்தக்காரர் விதியை மீறிவிட்டார் என்றது கிரஞ்சிரோல். சரிபார்ப்பவர் ஒருவர் இருந்திருந்தால் முதல் பார்வையிலேயே பிடித்திருப்பார். சம்பளம் வாங்காத ரசிகர் குழுவில் அந்த ஆள் இருந்தார்!

14 நவம்பர், சேர்க்கை

பழைய குழுக்களைப் புனிதர் ஆக்கவும் வேண்டாம். பாதித் தொடரில் விட்டுவிட்டுப் போன குழுக்கள் எக்கச்சக்கம். பிற்காலத்தில் மிகப் பிரபலமான ஹாரிபிள்சப்ஸ் மொழிபெயர்க்கவே இல்லை, கிரஞ்சிரோலின் சப்டைட்டிலை அப்படியே உரித்துப் போட்டது. 2020இல் கடையைக் கட்டியது. சட்டப்படி வருவதில், கொடுத்த பணத்தில் துளியாவது ஜப்பான் போகிறது. துளிதான்.

17 நவம்பர்

எபிசோடுகளை விடுவது வாரம் ஒன்றா, மொத்தமாகவா? நெட்ஃப்ளிக்ஸ் 2021 டிசம்பர் 1இல் ஜோஜோ ஸ்டோன் ஓஷன் பன்னிரண்டு எபிசோடைக் கொட்டியது. அடுத்த தொகுதி 2022 செப்டம்பர் 1, கடைசி டிசம்பர் 1. முந்தைய ஜோஜோ பாகங்கள் ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் வாரா வாரம் பேசப்பட்டவை. இது ஒரு வாரயிறுதியில் எரிந்து அணைந்தது. ஒன்பது மாத இடைவெளியில் யார் செத்தார் என்பதே மறந்துபோனது.

ஆனால் வரைபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் மொத்தமாக ஒப்படைக்கும் முறையில் ஒரு லாபம். முதல் எபிசோடு வெளிவரும்போது கடைசி எபிசோடு முடிந்திருக்கும். ஒளிபரப்புக்கு முந்தைய இரவு என்ற பேயே கிடையாது. 6ஆம் தேதி எழுதிய தேதி வாதத்துக்கு இது இடிக்கிறது, இடிக்கட்டும். எந்தத் தேதி என்பதைவிட, வேலை முடிந்தபின் வைத்த தேதியா முடியுமுன் விற்ற தேதியா என்று கேட்பதே சரி.

18 நவம்பர்

பேட்ஜ் பற்றி ஒருவர் கேட்டார். அனிமே கதாபாத்திரங்களின் படம் போட்டு மூடிய உறையில் வரும் தகர பேட்ஜ், 12 வகை, ஒன்று 500 யென் என்று வையுங்கள். உள்ளே எது என்று தெரியாது, எல்லாம் சம வாய்ப்பு. பன்னிரண்டும் சேர சராசரியாக 37 வாங்க வேண்டும், 18,500 யென். கடைசி ஒரே ஒரு வகைக்கு மட்டும் சராசரியாகப் பன்னிரண்டு உறை போகும், செலவில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே. அதனால் முதல் எட்டு வகை வரை (சராசரி 12, 13 உறை) வாங்கிவிட்டு மிச்சத்தை மாற்றிக்கொள்வதே புத்தி. கூட்டம் பெருத்தபின் மாற்ற ஆள் கிடைப்பது சுலபம், அதே கூட்டத்தால் பிடித்த கதாபாத்திரத்தின் மறுவிற்பனை விலை எகிறியும் விட்டது. பிடிக்காதது யாருக்கும் வேண்டாம், குப்பை.

22 நவம்பர்

அனிமேயில் வந்த இடங்களைத் தேடி ரசிகர்கள் போகும் ஊர்கள். இரண்டை ஒப்பிட்டால் போதும்.

சைதாமாவில் வாஷினோமியா கோயில், 2007இல் லக்கி ஸ்டார் தொடரில் வந்தது. அந்த வருடப் புத்தாண்டுக்கு 1 லட்சத்து 30 ஆயிரம் பேர். தொடருக்குப் பின் 2008இல் 3 லட்சம், 2009இல் 4 லட்சத்து 20 ஆயிரம், 2011இல் 4 லட்சத்து 70 ஆயிரம். ஊர் வணிகர் சங்கம் சின்னப் பலகை வடிவ ஸ்ட்ராப் செய்து உள்ளூர்க் கடைகளில் விற்றது, சாப்பாட்டுக் கடைகளில் முத்திரை வாங்கிச் சுற்றும் போட்டி வைத்தது. வந்தவர் கடைத்தெரு முழுக்க நடக்க வேண்டும். 2008 செப்டம்பர் திருவிழாவில் ரசிகர்களே லக்கி ஸ்டார் பல்லக்கைத் தோளில் சுமந்தார்கள்.

காமகுராகோகோமாயே ஸ்டேஷன் பக்கத்து ரயில்வே கிராஸிங், 1993இல் தொடங்கிய ஸ்லாம் டங்க் டிவி தொடரின் தொடக்கப் பாட்டில் வந்தது. பல வருடம் ஒன்றிரண்டு பேர் வந்து படமெடுத்துப் போனார்கள். 2022 டிசம்பரில் புதுப் படம் வந்து, 2023இல் சீனாவிலும் பிய்த்துக்கொண்டு ஓடியபின் சாலை நடுவில் கூட்டம் நின்றது, காவலாளி போட வேண்டியதாயிற்று. வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அங்கே செய்ய ஒன்றுமில்லை. ரயில் வரும், படமெடு, நகராதே, அடுத்த ரயில். வாங்க ஒரு கடையில்லை, பேச ஊர்க்காரர் இல்லை, நிற்க இடமில்லை.

29 நவம்பர்

ஒன் பஞ்ச் மேனுக்குத் திரும்புகிறேன். மூன்றாவது சீசன் இயக்குநர் வசவு தாங்காமல் எக்ஸ் கணக்கையே மூடிவிட்டார். எத்தனை மாதம், எத்தனை ஆள், எவ்வளவு பணம் என்பதில் எதையும் தனியாக முடிவு செய்யும் இடத்தில் எபிசோடு எடுப்பவர் இருப்பதில்லை. முடிவு செய்யும் நிறுவனங்களின் பெயர் கிரெடிட் கடைசியில் கமிட்டி என்று வரும். அந்தப் பெயருக்கு யாரும் வசவு அனுப்புவதில்லை. முகமில்லை பாருங்கள்.

1 டிசம்பர்

கூட்டம் தேதியை இறுக்கும் என்றதற்கு எதிர் உதாரணம் கேட்டார்கள். ஒன் பீஸ். 1999 அக்டோபர் 20 முதல் வாரா வாரம். மங்காவைப் பிடித்துவிடக் கூடாதென்று ஓர் எபிசோடில் ஓர் அத்தியாயம்கூட முடியாமல் இழுத்தார்கள். கதவு திறக்க அரை நிமிடம், அதைப் பார்த்து ஐந்து பேர் வாய் பிளக்க இன்னொரு நிமிடம். இந்த இழுவையைத் தாங்க முடியாமல் ரசிகர்களே வெட்டித் தொகுத்துச் சுருக்கிய பதிப்பு தனியாக உலவுகிறது. 2024 அக்டோபரில் ஆறு மாதம் நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் ஞாயிறு காலையை விட்டு இரவு 11:15க்கு மாறியது. இப்போது 2026 முதல் வருடத்துக்கு அதிகபட்சம் 26 எபிசோடு என்று அறிவித்துவிட்டார்கள்.

இதைச் செய்ய முடிந்தது ஒன் பீஸ் அவ்வளவு பெரிது என்பதால்தான். சின்னத் தொடர் காலை நேரத்தை விட்டால் திரும்பி வர முடியாது. கூட்டம் தேதியை இறுக்கும் என்றேன், போதுமான அளவு பெருத்தால் தளர்த்தவும் அதே கூட்டம் இடம் கொடுக்கிறது போலிருக்கிறது. 26 எபிசோடு வந்தபின் சக்கன் பெயர்களை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

1 டிசம்பர், இரவு

தமிழ் டப் பற்றிக் கேட்டவருக்கு: டீமன் ஸ்லேயரின் இன்ஃபினிட்டி காசில் படம் 2025 செப்டம்பர் 12இல் இந்தியாவில் வந்தபோது ஜப்பானிய மொழியோடு ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கிலும் விட்டார்கள். இப்படிப்பட்ட படங்களுக்கு டிக்கெட் போடும்போது மொழியைப் பார்த்துப் போடுங்கள், ஒரே தியேட்டரில் அடுத்தடுத்த காட்சி வேறு மொழியாக இருக்கும். விசிலடிப்பவர்கள் பக்கத்தில் உட்கார விருப்பமில்லை என்றால் இரண்டாவது வாரம் வேலை நாள் மதியக் காட்சி.